பழைய காருக்கு உதிரி பாகம்: கடையைத் தேடும் முன் எண்ணைத் தேடுங்கள்

கேள்வி: 1960களில் வந்த ஐரோப்பிய செடான் ஒன்றைப் பாதி பிரித்த நிலையில் வாங்கி, முழுதாகச் சீரமைக்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த மாடலுக்கென்றே பாகம் விற்பவர்களிடம் விலை கேட்டால், பட்டியலின் மொத்தத் தொகை கார் வாங்கிய விலையைத் தாண்டுகிறது. சக்கர பேரிங், ஆயில் சீல், பிரேக் சிலிண்டர், கார்புரேட்டர், டைனமோ, கதவு ரப்பர், க்ரோம் பட்டி, ஒரு பின்விளக்குக் கண்ணாடி எல்லாம் வேண்டும். கட்டுப்படியான விலையில் எங்கே தேடுவது?

பதில்:

காரின் பெயரைச் சொல்லிப் பாகம் கேட்டால் அந்தப் பெயருக்கு உண்டான விலையைத்தான் சொல்வார்கள். ஆனால் உங்கள் கார் கம்பெனி அந்தப் பாகங்களில் பலவற்றைத் தானே செய்யவில்லை, வெளியில் வாங்கிப் பொருத்தியது. பிரேக் கர்லிங், லாக்ஹீட் அல்லது ஏடிஇ. மின்சாதனம் லூகாஸ், பாஷ், மரெல்லி. மீட்டர்கள் ஸ்மித்ஸ் அல்லது விடிஓ. கார்புரேட்டர் எஸ்யூ, சோலெக்ஸ், வெபர், ஜெனித் என்று அந்தக் கால ஐரோப்பியக் கார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டத்திடம் வாங்கின. எனவே கையில் இருக்கும் பாகம் உண்மையில் யார் செய்தது, அதன் எண் என்ன, அளவு என்ன என்று கண்டுபிடிப்பதுதான் பணத்தை மிச்சப்படுத்தும் வேலை. அதைச் செய்துவிட்டால் எங்கே தேடுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பேரிங்கில் தொடங்குங்கள், இருப்பதிலேயே சுலபம் அதுதான். பழைய பேரிங்கைத் துடைத்து விளிம்பைப் பார்த்தால் எண் தெரியும். 6205 என்று இருந்தால் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. உலகத்தில் யார் செய்தாலும் 6205க்கு இதே அளவுதான். 04இலிருந்து கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் கிடைக்கும். அதே பேரிங் மோட்டாரிலும் பம்பிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். சி3 என்பது உள்ளே சாதாரணத்தைவிடக் கூடுதல் இடைவெளி உள்ளது என்று பொருள். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உண்டு, இசட்இசட் என்றால் தகர மூடி. முன்சக்கரத்தில் பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங், அதாவது சாய்ந்த உருளைகள் கொண்ட பேரிங் இருக்கும், அதில் உள் பகுதிக்கு ஒரு எண், வெளி வளையத்துக்கு ஒரு எண். இரண்டையும் குறித்துக்கொண்டு ஜோடியாகவே மாற்றுங்கள்.

ஆயில் சீலும் அப்படித்தான். 35-52-7 என்றால் ஷாஃப்ட் 35, அது உட்காரும் குழி 52, தடிமன் 7 மில்லிமீட்டர். எண் அழிந்திருந்தால் வெர்னியர் என்ற நுண்ணளவு கருவியால் அளக்கலாம், ஆனால் பழைய சீலின் உதட்டை அளக்காதீர்கள், அது தேய்ந்து விரிந்திருக்கும். ஷாஃப்டையும் குழியையும்தான் அளக்க வேண்டும். ஷாஃப்டில் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். மெல்லிய எஃகு ஸ்லீவ் ஒன்றை அதன்மேல் ஏற்றினால் போதும், ஷாஃப்டையே மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து, உங்கள் காரின் உறவினர்களைக் கண்டுபிடியுங்கள். எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த பகுதி இது. லோட்டஸ் எஸ்பிரிட்டின் கதவுக் கைப்பிடி, மோரிஸ் மரீனா என்ற சாதாரணக் குடும்பக் காருடையது. அதே எஸ்பிரிட்டின் முதல் மாடலில் பின்விளக்கு ஃபியட் எக்ஸ்1/9இலிருந்து வந்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே220 அதன் காலத்தில் உலகின் மிக வேகமான கார்களில் ஒன்று, அதற்குப் பின்விளக்கு கொடுத்தது ரோவர் 200. லோட்டஸ் எலானின் முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சுத்தாங்கி டிரையம்ஃப் ஹெரால்டு குடும்பத்துச் சாமான். டி டொமாசோ பான்டெரா இத்தாலியக் கார் என்றாலும் உள்ளே இருப்பது ஃபோர்டின் 351 கிளீவ்லாண்ட் எஞ்சின். கொஞ்சமாகத் தயாரித்த ஒவ்வொரு காரும் நிறையத் தயாரித்த ஏதோ ஒரு காரிடம் கடன் வாங்கியிருக்கும். அந்தக் கடன் எங்கே என்று தெரிந்தவர் மரீனா கைப்பிடியை மரீனா விலைக்கு வாங்குகிறார், தெரியாதவர் அதையே லோட்டஸ் விலைக்கு வாங்குகிறார்.

உரிமம் பெற்று வேறு நாட்டில் தயாரான கார்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஃபியட் 124தான் ரஷ்யாவில் 1970இலிருந்து வாஸ்-2101, அதாவது லாடா. ரெனோ 12 ருமேனியாவில் டாசியா 1300 ஆனது. மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு சீரிஸ் 3 இந்தியாவில் அம்பாசடராக 2014 வரை வந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஜெர்மனியில் நின்று பல வருடம் கழித்தும் மெக்சிகோவில் 2003 வரை ஓடியது. தாய்நாட்டில் அரிதாகிப்போன பாகம் இப்படிப்பட்ட நாடுகளில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் "ஒரே கார்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. லாடாவில் எஞ்சினே வேறு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் மேல் பகுதிக்குப் போய்விட்டது. ஃபியட்டில் பின்பக்கம் டிஸ்க் பிரேக் இருக்க, லாடாவில் டிரம் வைத்தார்கள். கண்ணாடியும் கதவும் பொருந்தலாம், பின் பிரேக் பொருந்தாது. பாகம் பாகமாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் உங்களுக்கு வேண்டிய முதல் பொருள் பாகப் பட்டியல் புத்தகம். கழற்றிப் பூட்டுவது எப்படி என்று சொல்லும் வொர்க்‌ஷாப் மேனுவல் வேறு, ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்து எண் போட்டிருக்கும் பட்டியல் வேறு. இரண்டும் வேண்டும், முதலில் பட்டியல். அதோடு உங்கள் காரின் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வருடத்துக்குள்ளேயே பாகங்கள் மாறியிருக்கும், பட்டியலில் "இந்தச் சேஸிஸ் எண்ணிலிருந்து" என்றுதான் குறித்திருப்பார்கள்.

எண்களைப் படிக்கப் பழகினால் அவையே வழி சொல்லும். ஃபோர்டில் சி5இசட்இசட் என்று ஆரம்பித்தால் சி என்பது 1960கள், 5 என்பது 1965, அடுத்த இசட் மஸ்டாங். ஃபோக்ஸ்வாகனில் முதல் மூன்று இலக்கம் அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காக வந்தது என்று காட்டும்: 111, 113 பீட்டில், 211 டிரான்ஸ்போர்ட்டர் வேன், 311 டைப் 3 என்ற இன்னொரு கார். பீட்டிலில் 311 என்று தொடங்கும் பாகம் ஒன்றைப் பார்த்தால், டைப் 3 உடைக்கும் இடத்திலும் அதைத் தேடலாம் என்று புரிந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: வார்ப்பில் புடைத்துத் தெரியும் எண் பல சமயம் வார்ப்படத்தின் எண்தான், பட்டியலில் இருக்கும் பாக எண் அல்ல. ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு பாகமாக்கியிருப்பார்கள்.

இணையத்தில் தேடும்போது காரின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டுப் பாருங்கள். கோடு, இடைவெளி, புள்ளியோடு ஒரு முறை, இவை இல்லாமல் ஒரு முறை. கம்பெனி பிற்காலத்தில் பழைய எண்ணை மாற்றிப் புது எண் கொடுத்திருந்தால் அதையும் போடுங்கள். விற்பவருக்கு அது எந்தக் காருடையது என்று தெரியாமல், பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதி வைத்திருப்பார். குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். கார் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு மொழியில் பாகத்தின் பெயரைப் போட்டும் தேடுங்கள். படத்தில் எண் தெரியவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எண்ணோ அளவோ சொல்லாமல் "உங்கள் காருக்குப் பொருந்தும்" என்று மட்டும் சொல்பவரிடம் வாங்க வேண்டாம். கனமான பாகத்துக்கு அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் அது மலிவா என்று தெரியும். ஒரே விற்பனையாளரிடம் சின்னச் சின்னதாகச் சேர்த்து ஒரே பார்சலாக வாங்குவது நல்லது.

நேரில் தேட முடிந்தால் பழைய பாகச் சந்தைகளுக்கு ஈடே இல்லை. அமெரிக்காவில் ஹெர்ஷியில் 1955இலிருந்து அக்டோபரில் நடக்கிறது. இங்கிலாந்தில் பியூலியில் 1967இலிருந்து நடக்கிறது. ஜெர்மனியில் மன்ஹைமில் வெட்டராமா. இதே மாதிரி சிறிய அளவில் பல ஊர்களில் நடக்கும். காலையில் போனால் அரிய பாகம் கிடைக்கும், கடைசி நாள் மதியத்துக்கு மேல் போனால் விலை குறையும். கனமான சாமானைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. உடைந்த பழைய பாகத்தையோ, அட்டையில் வெட்டிய அதன் உருவத்தையோ, கூடவே ஒரு வெர்னியரையும் எடுத்துப் போங்கள்.

உங்கள் மாடலுக்கு உரிமையாளர் சங்கம் இருந்தால் இன்றைக்கே சேர்ந்துவிடுங்கள். யாரும் செய்யாத பாகத்தை ஒரு தொகுதியாகச் செய்யச் சொல்லி உறுப்பினர்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது சங்கங்களின் வழக்கம். ஒன்று செய்யக் கொடுத்தால் கட்டுப்படியாகாத வார்ப்பு, ஐம்பது பேர் சேர்ந்து கொடுத்தால் எல்லோருக்கும் எட்டும் விலைக்கு வந்துவிடும். பல வருடம் அந்தக் காரோடு இருந்தவர்களின் ஷெட்டில் இருக்கும் உபரியும் அங்கேதான் கைமாறுகிறது, வெளியே விளம்பரத்துக்கு வருவதே இல்லை. எந்தப் புதுத் தயாரிப்பு நன்றாக இருக்கிறது, எது பொருந்துவதில்லை என்ற அனுபவமும் அவர்களிடம்தான் உண்டு.

கம்பெனிகளின் சொந்த ஏற்பாடுகளையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மெர்சிடிஸ் பென்ஸ், போர்ஷே, பிஎம்டபிள்யூ ஆகியவற்றுக்குப் பழைய கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. நிசான் 2017இல் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020இல் பழைய சூப்ராக்களுக்கும் பாகங்களை மறுபடி தர ஆரம்பித்தன. எம்ஜிபிக்கு 1988இலிருந்து முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது. இவையெல்லாம் விலை குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிளிப், ஒரு கேஸ்கட், ஒரு புஷ் போன்ற சில்லறைச் சாமான்கள் வெளித் தயாரிப்பைவிடக் கம்பெனியிலேயே குறைவாக இருப்பது உண்டு.

இனி, வாங்காமல் பழுது பார்ப்பது. உங்கள் பட்டியலில் டைனமோவும் கார்புரேட்டரும் பிரேக் சிலிண்டரும் இருக்கின்றன. இந்த மூன்றையும் நான் வாங்கவே மாட்டேன், இருப்பதைச் சரிசெய்வேன். டைனமோவுக்குப் புது பேரிங், புஷ், கார்பன் பிரஷ் போட்டு, பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரை லேத்தில் ஒரு மெல்லிய வெட்டு எடுத்து, அதன் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைச் சுரண்டி ஆழப்படுத்தினால் நெடுங்காலம் ஓடும். லூகாஸ் சி40 போன்றதாக இருந்தால் அதை எத்தனையோ கார்களிலும், டிராக்டர்களிலும்கூடப் போட்டிருக்கிறார்கள், உள் பாகம் எளிதில் கிடைக்கும்.

கார்புரேட்டரில் தேய்வது அநேகமாக, காற்றை விடும் தகட்டைத் தாங்கும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலும் அது சுழலும் புஷ்ஷும்தான். அங்கே ஆட்டம் இருந்தால் காற்று உள்ளே போய் ஐடில் நிற்கவே நிற்காது. எத்தனை ஜெட் மாற்றினாலும் பயனில்லை. துளையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி வெண்கல புஷ் இறக்கினால் சரியாகிவிடும். எஸ்யூவாக இருந்தால் வேறு காரிலிருந்து எடுத்த எச்எஸ்4 என்ற மாடலின் உடலைக்கூடப் பயன்படுத்தலாம், ஆனால் ஊசியையும் பிஸ்டன் ஸ்ப்ரிங்கையும் உங்கள் எஞ்சினுக்கு உரியதாக மாற்ற வேண்டும். ஊசியின் தண்டில் அதன் குறியீடு பொறித்திருக்கும், ஸ்ப்ரிங்கை அதில் பூசிய நிறத்தை வைத்து அடையாளம் காணலாம்.

பிரேக் சிலிண்டருக்கு உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரை உரசித் தேய்த்து, ஏமாற்ற முயலாதீர்கள். ஸ்டெயின்லெஸ் எஃகு ஸ்லீவ் இறக்கி அதே பழைய உள் விட்டத்துக்குக் கடைந்து தரும் பட்டறைகள் உண்டு. அதற்குப் பிறகு ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதும், மறுபடி துருப்பிடிக்காது. வேறு காரின் சிலிண்டர் போல்ட்டுக்குப் பொருந்துகிறது என்று மாட்டினால் விட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பின்சக்கரத்தில் எட்டில் ஐந்து அங்குலம் இருந்த இடத்தில், அதாவது 5/8 இருந்த இடத்தில், 3/4 போட்டால் பின் பிரேக் முன்னைவிட அதிகமாகப் பிடித்து, ஈர ரோட்டில் வண்டி சுற்றிக்கொள்ளும். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டலாம், கிளட்ச் பிளேட்டுக்கும் அப்படியே. ரேடியேட்டரின் மேல்கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் கோர் பகுதியை மட்டும் மாற்றலாம். ஸ்பீடோமீட்டர் கேபிளை நீளம் சொல்லிச் செய்து வாங்கலாம்.

ஒரே மாடலில் உடைக்கும் நிலையில் இருக்கும் இன்னொரு காரை முழுசாக வாங்குவது பல சமயம் எல்லாவற்றையும்விட லாபம், வைக்க இடம் இருந்தால். அதைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைப் பார்க்காதீர்கள். எஞ்சினை எப்படியும் சரிசெய்துவிடலாம். க்ரோம் பட்டி, கண்ணாடி, மீட்டர், சீட் பிரேம், கதவின் உள் அலங்காரம், விளக்கு வளையம், இவை முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சீரமைப்பில் கடைசியில் வந்து கழுத்தைப் பிடிப்பவை இவைதான். தனித்தனியாக வாங்கினால் செலவு எங்கேயோ போய்விடும். பாடி துருப்பிடித்து மக்கியிருந்தாலும் இவை நன்றாக இருந்தால் வாங்கலாம். வேண்டாததை விற்றால் போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். காயலான் கடைகளிலும் இதே கண்ணோடு தேடுங்கள்.

மலிவு என்று போகக் கூடாத இடங்களையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் காரில் ஒரு நாள் நீங்களும் வீட்டாரும் உட்கார்ந்து போகப்போகிறீர்கள். ஐம்பது வருடமாகப் பெட்டி பிரிக்காமல் கிடந்த அசல் பாகம் என்று விற்பார்கள். உலோகமாக இருந்தால் அது பொக்கிஷம். ரப்பராக இருந்தால் வேண்டாம். பிரேக் ஹோஸ், சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் குழாய் எல்லாம் பெட்டியிலேயே வயதாகிக் கெட்டுப்போகும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதைத் தேய்த்தோ ஊதியோ தூசி கிளப்பக் கூடாது. பெட்ரோல் குழாயில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதை வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரைச் சீக்கிரம் அரித்துவிடும். ஸ்டியரிங் இணைப்பு, பால் ஜாயிண்ட், பிரேக் ஹோஸ் மூன்றும் பெயருள்ள தயாரிப்பாளரின் புதுப் பொருளாகவே இருக்கட்டும். டயரில் வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். அதில் மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தையது, கோடு தேயாமல் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு விஷயம், பலரை நடுரோட்டில் நிறுத்தியது: ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாங்கும், விலை குறைந்த புது ரோட்டாரும் கண்டென்சரும். நடுவில் ரிவெட் அடித்த ரோட்டார்களில் சில, சூடானதும் அந்த ரிவெட் வழியாகக் கரண்டை ஷாஃப்டுக்குக் கசியவிடும். கார் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிடும், காரணமே தெரியாது. ரிவெட் இல்லாத நல்ல ரோட்டார் கொஞ்சம்தான் கூடுதல் விலை. கழற்றிய பழைய கண்டென்சர் வேலை செய்துகொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் வரிசையும் முக்கியம். பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதென்று முதலில் ஸ்டியரிங் வீலையும் சீட் துணியையும் வாங்கி அடுக்குகிறவர்கள் நிறையப் பேர். முதலில் பாடியும் துருவும், அப்புறம் பிரேக்கும் ஸ்டியரிங்கும், பிறகு எஞ்சின், கடைசியில்தான் துணியும் க்ரோமும். ஆனால் அரிய பாகம் ஒன்று நல்ல விலைக்கு எதிர்ப்பட்டால் வரிசையை மறந்துவிட்டு வாங்கிவிடுங்கள், அது மறுபடி வராது. இதற்காகவே வேண்டியவற்றை எண்ணோடு ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள். வாங்கி வைத்ததைச் சும்மா போட்டுவைக்காமல் வந்த வாரமே காரில் பொருத்திப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு பொருந்தாது என்று தெரிந்து பயனில்லை. பாடித் தகடுகளுக்கு இது இன்னும் அவசியம். வெளித் தயாரிப்புத் தகடுகள் வளைவில் கொஞ்சம் விலகியே வரும், பெயிண்டுக்கு முன்பே கதவு, பானெட்டோடு சேர்த்து நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்டதில் மீதி மூன்று. கதவு ரப்பர் பெரும்பாலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழையதைக் குறுக்காக வெட்டி, அந்த வெட்டு முகத்தை அளவுகோலோடு படம் எடுத்து, ரப்பர் பட்டி செய்பவர்களின் அளவுப் படங்களோடு ஒப்பிடுங்கள். மூலையில் வார்த்து வரும் முன்பின் கண்ணாடி ரப்பரை மட்டும் மாடலுக்குரியதாக வாங்குங்கள். க்ரோம் பட்டி ஸ்டெயின்லெஸ் எஃகாக இருந்தால் நெளிவைத் தட்டி நிமிர்த்திப் பாலிஷ் போட்டாலே புதிது போலாகும். துத்தநாக வார்ப்பில் கொப்புளம் வந்திருந்தால் அதற்கு முலாம் போடும் செலவு அதிகம், அதற்கு முன் நல்ல பழையது ஒன்றைத் தேடுங்கள். பின்விளக்குக் கண்ணாடியின் ஓரத்தில் லூகாஸ், ஹெல்லா, கரெல்லோ என்று ஏதாவது ஒரு பெயரும் எண்ணும் இருக்கும், அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். டிரெய்லரிலும் வேனிலும்கூட அதே விளக்கு இருந்திருக்கலாம். கிடைக்கவே இல்லையென்றால் உடைந்ததை ஒட்டி, சிலிக்கான் அச்செடுத்து, நிறம் சேர்த்த பிசினில் வார்க்கலாம். அதில் அங்கீகார முத்திரை இருக்காது, ஆகவே வாகனப் பரிசோதனையில் ஏற்பார்களா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். உடைந்த துண்டுகளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள், அச்செடுக்க அவை இல்லாமல் முடியாது.